அவர் ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரின் வலது காலுக்கு எண்ணெய் தேய்த்து, முட்டியை மடக்கி நீட்டி, போர்வையை இழுத்து மூடிவிட்டுத்தான் நான் ஆடப் போகிறேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நடப்பது இதுதான்.

நாங்கள் சேக்காட்டில் இருக்கிறோம். அவர் ஆவடி டேங்க் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போனது போனதுதான். பேச்சு மட்டும் மெல்லத் திரும்பி வந்தது, வார்த்தைகள் குழைந்து குழைந்து. வெளியாட்களுக்குப் பாதிதான் புரியும். அவர் சொன்னதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் என் காதுக்குப் புரிந்தபடி எழுதுவது.

அவர் பக்கத்தில் பாரிவாக்கம் கிராமத்துக்காரர். நான் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே ரிட்டையர் ஆகி, இங்கேயே போய்ச் சேர்ந்தார். எங்கள் வரிசை வீடுகளில் மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எல்லோரும் தங்கள் ஊரைப் பற்றிப் பேசுவார்கள், யாரும் அந்த ஊருக்குத் திரும்பிப் போகமாட்டார்கள். கல்யாணமாகிப் பாரிவாக்கத்துக்குப் போன முதல் ஆடி மாதத்தில்தான் அவர் ஆடிப் பார்த்தேன். அம்மன் ஊர்வலம் வருகிறது, முன்னால் பம்பை அடிக்கிறார்கள், என் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் ஆடுகிறார். வலது காலை வீசி முன்னால் வைத்து, முட்டியைத் தாழ்த்தி, இடது காலை இழுத்துச் சேர்த்து, தோளை ஒரு வெட்டு வெட்டித் திரும்புவார். அந்தத் திரும்பலில் ஒரு திமிர் இருக்கும். கல்யாண ஊர்வலமானாலும் ஆடுவார், சாவு மேளமானாலும் ஆடுவார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எங்காவது ஒரு சுவரோரமாக நிற்பேன். இத்தனை வருடத்தில் அவருடன் ஒருநாளும் ஆடியதில்லை. அவரும் கூப்பிட்டதில்லை.

அவருக்கு வெயில் படட்டும் என்று தினமும் காலையில் சக்கர நாற்காலியில் வைத்துப் பக்கத்துப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போவேன். வேப்பமரத்தருகே நிறுத்தி பிரேக் போட்டுவிட்டு நான் பெஞ்சில் உட்காருவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தோம்.

ஒரு இளம்பெண் நடுவில் நின்றிருந்தாள். அம்பத்தூரில் ஏதோ கம்பெனியில் வேலை, சின்ன வயதிலிருந்து நடனம் படித்தவள் என்று பிறகு தெரிந்தது. அவளைச் சுற்றி விதவிதமான ஆட்கள். கேம்ப்பில் இருக்கும் ஜவான்களின் மனைவிகள் சிலர், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் பீகார்க்காரர் ஒருவர், பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வந்த முக்காடு போட்ட அக்கா தங்கைகள், காய்கறிக் கடைக்காரர், இரண்டு மூன்று ரிட்டையர் ஆனவர்கள். பாட்டுப் பெட்டியில் மெலிதாகத் தாளம் போய்க்கொண்டிருக்க, எல்லோரும் ஒரே மாதிரி கையைத் தூக்க முயன்று ஆளுக்கொரு மாதிரி தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பார்ப்பதைப் பார்த்து அந்தப் பெண் வந்தாள்.

"வாங்க ஆன்ட்டி, சேர்ந்துக்கங்க. ஆடத் தெரியணும்னு இல்ல."

"எதுக்கும்மா இது?"

"இந்தப் பக்கம் எல்லாரும் எங்கிருந்தோ வந்து இருக்கோம். எதிர் வீட்டுல யாருன்னு தெரியாது. ஒண்ணா நின்னு ஆடிட்டா தெரிஞ்சிடும்ல? கடைசில ஸ்கூல் மைதானத்துல ஒரு நிகழ்ச்சி பண்றோம்."

நான் அவரைக் காட்டி, "இவரை விட்டுட்டு எப்படிம்மா?" என்றேன்.

அவர் இடது கையால் என் முழங்கையைத் தள்ளினார். "இவள இட்டுகினு போ. ஒக்காந்து ஒக்காந்து ஒடம்பு ஊதிப் போச்சு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மறுபடியும் தள்ளினார். எழுந்து போனேன்.

முதல் நாள் அவருக்கு முதுகைக் காட்டாமலே ஆட முயன்றேன். எல்லோரும் திரும்பும்போது நான் பாதி திரும்பி நின்றுவிடுவேன். அவர் உட்கார்ந்திருக்கிற திசையில் என் கண் போய்ப் போய் வந்தது. ஈ உட்கார்ந்தால் ஓட்ட முடியுமா, வெயில் கண்ணில் படுகிறதா என்று. ஆனால் நாலைந்து வாரத்தில் பாதித் திரும்பல் முழுத் திரும்பலாகிவிட்டது. பிறகு ஒருநாள் ஆடி முடித்து, அஸ்ஸாமிலிருந்து வந்த ஜவான் மனைவி ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. இவ்வளவு நேரம் எனக்கு அவர் ஞாபகமே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். நிழல் நகர்ந்து அவர் முழு வெயிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கூப்பிடக் கூடாதா?" என்றேன்.

"கூப்டேன்" என்றார்.

அந்த ஒரு சொல் என்னோடு வீடு வரை வந்தது. இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு நாற்காலியைப் பூங்கா வாட்ச்மேன் அறையின் தாழ்வாரத்து நிழலில் நிறுத்த ஆரம்பித்தேன். ஆடுவதை நிறுத்தவில்லை.

அந்தப் பெண் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தங்கள் ஊர் ஆட்டத்திலிருந்து ஒரு அடி சொல்லித் தரவேண்டும், எல்லோரும் அதை ஆடவேண்டும். அஸ்ஸாம் பெண் இரண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தோளைக் குலுக்கி அவர்கள் ஊர் ஆட்டம் ஆடினாள். அவள் கணவன் எங்கோ எல்லையில் இருந்தான். ஆடும்போது அது அவள் முகத்தில் தெரியாது, முடித்த பிறகு தெரியும். பீகார்க்காரர் தோள் துண்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு ஒன்று ஆடினார், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். பூந்தமல்லி அக்கா தங்கைகள் கல்யாணத்தில் மணப்பெண்ணைச் சுற்றிக் கைதட்டி ஆடுவதைக் காட்டினார்கள். என் முறை வந்தது.

"உங்க ஊர் எது ஆன்ட்டி?"

என்ன சொல்வது? குவார்ட்டர்ஸுக்கு என்ன ஆட்டம்? பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டு போட்டுப் பிள்ளைகள் ஆடும், பெரியவர்கள் மியூசிக்கல் சேர் விளையாடுவோம். திருநெல்வேலி எனக்கு அப்பா வாயில் கேட்ட ஊர், அவ்வளவுதான். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றுமில்லாதவளாக நிற்பது அவமானமாக இருந்தது.

நான் வலது காலை வீசி முன்னால் வைத்தேன். முட்டியைத் தாழ்த்தினேன். இடது காலை இழுத்துச் சேர்த்து, தோளை வெட்டித் திரும்பினேன்.

சுவரோரமாக நின்று எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். உடம்பு அதைத் தன்பாட்டில் எடுத்து வைத்திருந்தது எனக்கே தெரியாது. நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. அந்தப் பெண் கண்ணை அகல விரித்தாள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். அத்தனை பேரும் வலது காலை வீசி வைத்தார்கள், முட்டியைத் தாழ்த்தினார்கள், தோளை வெட்டித் திரும்பினார்கள். திரும்பியபோது எல்லோரும் தாழ்வாரத்தைப் பார்த்தோம். அங்கே அவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நாற்காலியை எடுத்தபோது, "இன்னிக்கு வேணா" என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை, "நீ போய்ட்டு வா. நான் டிவி பாக்கறேன்" என்றார். எங்கள் மகள் அம்பத்தூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வந்து அப்பாவோடு இருக்க ஆரம்பித்தாள். "நீ போம்மா. உனக்கும் ஒரு மாறுதல் வேணாமா?" என்று என்னை அனுப்பினாள். அவள் நல்லதாகப் பேசப் பேச நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அப்பா ஏன் பூங்காவுக்கு வருவதில்லை என்று அவள் கேட்டபோது, "வெயில் ஒத்துக்கல" என்றேன்.

அங்கே அந்த அடிதான் நிகழ்ச்சியின் முக்கிய ஆட்டமாகிவிட்டது. எல்லா ஊர் ஆட்டமும் வந்து வந்து கடைசியில் அதில் போய்ச் சேருவது போல அந்தப் பெண் அமைத்திருந்தாள். "ஆன்ட்டி ஸ்டெப்" என்றே அதற்குப் பெயர். நான் முன்வரிசையில் நின்றேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் காதில் விழும்போது மறுக்கவேண்டும் என்று வாய் வரை வரும். அப்புறம் ஆட்டம் தொடங்கிவிடும், ஆட்டத்தில் சந்தோஷம் வந்துவிடும். பொய் சொல்ல விருப்பமில்லை. எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. உடம்பு லேசாகி, வயது குறைந்து, பக்கத்தில் பாஷை தெரியாத ஒருத்தி என் தோளோடு தோள் இடித்துத் திரும்ப, நான் அவளைப் பார்த்துச் சிரிக்க. வீட்டில் ஒரு மனுஷன் படுத்திருக்க.

நிகழ்ச்சிக்கு நேரடியாகப் பம்பை வேண்டும் என்று அந்தப் பெண் ஆள் தேடினாள். பாரிவாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. என் கணவரோடு வளர்ந்தவர், அவரைவிட இளையவர், இத்தனை வருடம் அவர் ஆட்டத்துக்குப் பம்பை அடித்தவர். என்னைப் பார்த்து, "அண்ணி, நீயா? நல்லா கீறியா?" என்று சிரித்தார். நான் தலையாட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் அடி வந்ததும் பம்பைக்காரர் கை நின்றுவிட்டது. பம்பை இல்லாமல் எல்லோரும் தடுமாறி நின்றோம்.

"இது அண்ணாத்தே ஆட்டமாச்சே" என்றார். "இன்னா அண்ணி, அவர் ஆட்டத்த ஆடிகினு கீறீங்க, அவர் எங்க?"

"வீட்டுல இருக்காரு."

"இட்டாந்து ஒக்கார வெச்சிருக்கலாமே."

அவர் குத்திக் காட்டவில்லை. அப்பாவியாகத்தான் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இது அங்கிளோட ஸ்டெப்பா ஆன்ட்டி? சொல்லவே இல்லையே."

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. மகளிடம் வரவேண்டாம் என்று போன் செய்தேன். அவரைக் குளிப்பாட்டி, சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஆடப் போவல?"

"முட்டி வலி."

அவர் வாயைத் திறக்கவில்லை. கவளத்தோடு என் கை அந்தரத்தில் நின்றது.

"எந்த முட்டி?"

கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டேன். "உங்களைக் கேக்காம உங்க ஆட்டத்தை அங்க ஆடிட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியல. நீங்க பார்த்தீங்க, அதுக்கப்புறம் வரவே இல்ல. நான் என்ன நினைக்கிறது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசும்போது வாயோரம் எச்சில் வழியும், துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"அது என்னுது இல்ல. எங்க அப்பன் ஆடுனான், எங்க மாமன் ஆடுனான். ஊர்ல எல்லாம் ஆடுவானுங்க. யார் வேணா ஆடலாம்."

"அப்புறம் ஏன் வரல?"

"வயிறு எரிஞ்சுது."

இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்வார், தேற்றுவார் என்றுதான் மனதில் ஒரு மூலையில் காத்திருந்தேன் போல.

"அத்தினி பேரும் சோத்தாங்காலத் தூக்கி வைக்கிறானுங்க. நீயும் வைக்கிற. நான் பாத்துகினு ஒக்காந்துகினு கீறேன். பாக்க முடில. அவ்ளோதான்."

"நான் இனிமே போகல."

"நீ போவலன்னா என் காலு வந்துருமா?" என்றார். கோபம் வந்தால் அவர் பேச்சு இன்னும் குழையும். அவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் அடுத்ததைப் பிடித்தேன். "என்னச் சாக்கு வெச்சி ஊட்ல குந்தாத. அது எனக்கு இன்னும் பேஜாரு."

சோறு ஆறிப் போயிருந்தது. வேறு பிசைந்து ஊட்டினேன். சாப்பிட்டார்.

திரும்பப் போனேன். அஸ்ஸாம் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வரலே. நான் தனியா. எனக்குத் தப்பு தப்பா" என்று தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கொட்டினாள். நான் எல்லோரையும் நிறுத்தி, இது என் கணவரின் ஆட்டம், பாரிவாக்கத்தில் சாமிக்கு முன்னால் ஆடுவது, சாவுக்கும் ஆடுவது, எனக்குச் சொந்தமில்லை என்று சொன்னேன். பம்பைக்காரர் ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டினார். நடனப் பெண் கண் கலங்கிவிட்டாள். நிகழ்ச்சியில் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, மேடைக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்து மரியாதை செய்யலாம் என்றாள்.

வீட்டில் வந்து அவரிடம் கேட்டேன்.

"வேணா" என்றார் உடனே. "நோவாளின்னு சொல்லிக் கை தட்டுவானுங்க. ஆட்டத்துக்குத் தட்டமாட்டானுங்க. என் பேரும் வேணா, ஒண்ணியும் வேணா."

நிகழ்ச்சி ஒரு சாயங்காலம் நடந்தது. பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. கேம்ப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், எஸ்டேட் ஆட்கள் யூனிபார்மோடு மதிலோரம் நின்றார்கள், பாரிவாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய. நான் ஆடும்போதெல்லாம் மைதானத்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் அவர் மனதை மாற்றி அழைத்து வந்துவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. பயமும்தான். யாரும் வரவில்லை. எங்கள் அடி வந்தது, பம்பை ஏறியது, அத்தனை பேரும் ஒரே மூச்சில் தாழ்ந்து திரும்பினோம். பார்த்துக்கொண்டிருந்த பாரிவாக்கத்து ஆட்கள் தாங்க முடியாமல் உள்ளே இறங்கிவிட்டார்கள். அதன் பிறகு யார் நிகழ்ச்சி, யார் கூட்டம் என்று தெரியவில்லை. பீகார்க்காரரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். முடிந்ததும் முன்பின் தெரியாத பெண்கள் வந்து, "சூப்பரா ஆடுனீங்க" என்று என் கையைக் குலுக்கினார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அவருக்குச் சேரவேண்டியதையெல்லாம் இரண்டு கையாலும் நானே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் காலில் ஒட்டியிருந்த மண்ணை அவர் பார்க்காதபடி நேராகக் குளியலறைக்குப் போனேன்.

குழு கலையவில்லை. இன்னமும் ஞாயிறுதோறும் கூடுகிறோம், புதிதாக ஆட்கள் வருகிறார்கள். அவர் பூங்காவுக்கு வருவதில்லை. நான் கிளம்பும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவார். அது என்னைப் போகச் சொல்வதா, போவதைக் கேட்காமலிருக்கவா, எனக்குத் தெரியவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று கேட்பதில்லை.

போன வாரம் மகள் நிகழ்ச்சியின் வீடியோவை அவர் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். நான் துணி மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் இடது கைக் கட்டைவிரலால் அதைத் திறந்தார், முதல் தட்டுக் கேட்டது, உடனே நிறுத்தினார்.

"நீ அந்தாண்ட போ. நான் தனியாப் பாக்கணும்."

சமையலறைக்குப் போய்க் கதவருகே நின்றேன். பம்பைச் சத்தம் வந்தது. எங்கள் அடி வருகிற இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று குழாயைக்கூடத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் கூப்பிடவில்லை.